ஏழு மூச்சு எண்ணும் வரை

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறக்கிறது. களைத்த முகத்துடன் ஓர் இளம் டாக்டர் வெளியே வருகிறார். “மூச்சு விட ரொம்ப சிரமப்பட்டார். தொண்டையில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்திருக்கிறோம்” என்கிறார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த உறவினர்கள் எழுந்து சூழ்ந்துகொள்கிறார்கள். பிழைப்பாரா? எத்தனை நாள் ஆகும்? ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு? எங்களோடு பேசுவாரா? டில்லியானாலும் நாக்பூரானாலும் கேள்விகள் இவைதான். எல்லாம் நியாயமானவை. ஆனால் முப்பது வருடங்களுக்கு மேல் இந்தக் கதவின் உள்பக்கம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. “டியூப் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?”

இது என்ன கேள்வி, டாக்டருக்குத் தெரியாதா என்று தோன்றும். தெரியாமலே போய்விடலாம் என்பதுதான் விஷயம்.

நாக்கின் அடிவாரத்துக்குக் கீழே வழி இரண்டாகப் பிரிகிறது. முன்னால் மூச்சுக்குழாய். அதன் முதுகை ஒட்டினாற்போல் உணவுக்குழாய். விளக்கு பொருத்திய லாரிங்கோஸ்கோப்பால் நாக்கை ஒதுக்கி, வெள்ளை நாடா போலத் தெரியும் இரண்டு குரல்நாண்களுக்கு நடுவே பிளாஸ்டிக் குழாயைச் செலுத்த வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில், வெறும் வயிற்றுடன் வந்த ஆரோக்கியமான மனிதருக்கு இது பெரும்பாலும் அரை நிமிட வேலை. நள்ளிரவில், தொண்டை நிறைய ரத்தமும் சளியுமாக, ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நோயாளிக்குச் செய்வது வேறு வேலை. 29 நாடுகளில் 2,964 கவலைக்கிடமான நோயாளிகளைக் கவனித்து 2021ல் வெளியான ஓர் ஆய்வில், குழாய் போடும் சமயத்தை ஒட்டி 45 சதவிகிதம் பேருக்குப் பெரிய சிக்கல் ஏதாவது ஒன்று நேர்ந்தது. நூறில் மூவருக்கு இதயம் நின்றது. நூறில் ஐந்தாறு பேருக்குக் குழாய் உணவுக்குழாய்க்குள் போயிருந்தது.

குழாய் வழி தவறுவது குற்றமல்ல. என் கைக்கும் தவறியிருக்கிறது. தவறாத கை, குழாயே போடாத கைதான். தவறியது தெரிந்தால் சில வினாடிகளில் உருவிவிட்டு, முகமூடி வழியாக ஆக்ஸிஜன் கொடுத்து, மறுபடி முயலலாம். தெரியாவிட்டால், வென்டிலேட்டர் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை வயிற்றுக்குள் விசுவாசமாகக் காற்றடித்துக்கொண்டிருக்கும். ஆக்ஸிஜன் இல்லாத மூளை சில நிமிடங்கள்தான் தாங்கும்.

1991, மழைக்காலம். வட மாநிலம் ஒன்றில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி. தரையில் படுத்துத் தூங்கிய பதினெட்டு வயதுப் பையனை விடியற்காலையில் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கட்டுவிரியன். அதன் கடியில் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. முதலில் இமைகள் சரியும். பிறகு தலை நிற்காது. கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகள் ஓய்ந்துவிடும். உள்ளே மனிதன் விழித்துக்கொண்டுதான் இருப்பான். விஷமுறிவு மருந்தோடு, சில நாட்கள் வேறு யாராவது அவனுக்காக மூச்சு விட்டுக் கொடுத்தால் போதும், எழுந்து நடந்து வீட்டுக்குப் போவான். மருத்துவத்தில் இவ்வளவு நல்ல பேரம் அபூர்வம்.

நான் குழாயைப் போட்டேன். ரப்பர் பையை அழுத்தினேன். ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தேன். காற்றுச் சத்தம் கேட்டது. குழாயின் உள்பக்கம் பனி மாதிரி ஈரம் படிந்தது. எனக்குத் திருப்தி. கட்டிலின் கால்மாட்டில் நின்ற சிஸ்டர் பாலக்காட்டுக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர், என்னோடு தமிழில்தான் பேசுவார்.

“டாக்டர், நெஞ்சு ஏறலை. வயிறுதான் ஏறுது.”

“சத்தம் நல்லாக் கேட்குதே சிஸ்டர்.”

இன்னும் இரண்டு தடவை அழுத்தினேன்.

“நகம் நீலமாகுது டாக்டர். எடுத்துட்டு மறுபடி போடுங்க.”

அவர் குரலில் வேண்டுகோள் இல்லை. எடுத்தேன். இந்தத் தடவை குரல்நாண்களைத் தெளிவாகப் பார்த்துப் போட்டேன். வென்டிலேட்டர் இல்லாத ஆஸ்பத்திரி அது. பையனின் அண்ணனும் சித்தப்பாவும் மாறி மாறி மூன்று நாட்கள் இரவு பகலாக அந்தப் பையை அழுத்தினார்கள். நாலாம் நாள் பையன் இமையைத் தூக்கினான்.

எனக்குச் சத்தம் கேட்டது உண்மை. அது நுரையீரலிலிருந்து வந்த சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த இடத்துக்கென்றே சொன்னது போல் இருக்கும். உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கு நடுவில்தான் இறங்குகிறது. அதில் காற்று போனாலும் மார்பில் வைத்த ஸ்டெதஸ்கோப்புக்குச் சத்தம் வரும். ஒல்லியான உடம்பில் இன்னும் நன்றாகவே வரும். குழாயில் படியும் ஈரம், வயிற்றிலிருந்து திரும்பும் வெதுவெதுப்பான காற்றிலும் உண்டு. மார்பு ஏறி இறங்குவது பருமனானவர்களிடம் தெரியாது; மற்றவர்களிடம் வயிறு உப்பும்போதும் ஏறுவது போலத் தோன்றும். எக்ஸ்-ரே? படம் எடுத்து வருவதற்குள் காலம் கடந்துவிடும். முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் இரண்டு வழிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் விழும்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருக்கிறதே என்பீர்கள். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974ல் வெளியிட்ட கோட்பாட்டிலிருந்து பிறந்த அருமையான கருவி. கொரோனா காலத்தில் நம் வீட்டு அலமாரிக்கே வந்துவிட்டது. ஆனால் இந்த வேலையில் அது தாமதமாகச் சாட்சி சொல்லும். குழாய் போடுவதற்கு முன் நோயாளிக்குச் சுத்தமான ஆக்ஸிஜன் கொடுப்பார்கள். அந்தச் சேமிப்பு, ஆரோக்கியமான உடம்பில் பல நிமிடங்கள் தாங்கும். குழாய் வயிற்றில் இருக்கும். திரையில் 98 என்றிருக்கும். கவலைக்கிடமான நோயாளியின் கதை நேர்மாறானது. சேமிப்பே கிடையாது. எண் ஏற்கெனவே 85ல் இருந்தது, இப்போது 70. இது நோயின் முற்றலா, குழாயின் தவறா? களைத்த மனம் நோயின் மேல்தான் பழியைப் போடும்.

அப்படியானால் தீர விசாரிப்பது எப்படி? வயிறு மூச்சு விடாது. இந்த ஓர் உண்மையில்தான் பதில் இருக்கிறது. நாம் உள்ளே இழுக்கும் காற்றில் கரியமில வாயு 0.04 சதவிகிதம். வெளியே விடும் மூச்சில் 4 முதல் 5 சதவிகிதம்; அதாவது நூறு மடங்கு. மூச்சுக்கு மூச்சு, ஓயாமல், இந்த வாயுவை வெளியே தள்ளும் உறுப்பு நுரையீரல் ஒன்றுதான். குழாயின் வெளி முனையில் இந்த வாயு மூச்சுதோறும் வந்துகொண்டிருந்தால் குழாய் காற்று வழியில் இருக்கிறது. வராவிட்டால், இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதை அளப்பது கேப்னோகிராஃப். அதன் அடிப்படை, பூமி சூடாவதைப் பற்றிப் பேசும்போது நாம் கேள்விப்படும் அதே குணம்தான்: கரியமில வாயு அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கும். லண்டனில் ஜான் டின்டல் 1860களில் இதைக் காட்டினார். மனிதனின் மூச்சிலேயே அளந்தும் பார்த்தார். ஜெர்மனியின் கார்ல் லுஃப்ட் 1943ல் விவரித்த அகச்சிவப்புக் கருவி இதை இயந்திரமாக்கியது. ஹாலந்தின் பாப் ஸ்மால்ஹவுட் 1970களில் இதை நோயாளியின் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். திரையில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சதுர மேடு எழும்; உள்மூச்சில் தரையைத் தொடும்; மறுபடி எழும். கோட்டை மதிலின் பல்வரிசை போல. சாதாரணமாக மேட்டின் உயரம் பாதரசக் கணக்கில் 35 முதல் 45 மில்லிமீட்டர்.

1986ல் ஹார்வர்டின் மருத்துவமனைகள், மயக்க மருந்து கொடுக்கும்போது எவற்றையெல்லாம் விடாமல் கண்காணிக்க வேண்டும் என்று எழுத்தில் வைத்தன. சில ஆண்டுகளில் அமெரிக்க மயக்க மருந்து நிபுணர்கள் சங்கம், குழாய் போட்டதும் கரியமில வாயுவைக் கண்டறிவதைத் தரவிதியாக்கியது. வளர்ந்த நாடுகளின் ஆபரேஷன் தியேட்டர்களில் இது பழக்கமாயிற்று. விசித்திரம் என்னவென்றால், ஆபத்து அதிகமாக இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அது பல வருடங்கள் பிந்தியே வந்தது. பிரிட்டன் முழுவதும் ஒரு வருட காலம் மூச்சுவழி விபத்துகளைத் திரட்டி 2011ல் வெளியிட்ட தணிக்கை அறிக்கை இதைப் போட்டு உடைத்தது: தீவிர சிகிச்சைப் பிரிவில் நேர்ந்த மரணங்களிலும் மூளைச் சேதங்களிலும் 70 சதவிகிதத்துக்கும் மேலானவற்றில், கேப்னோகிராஃப் இல்லாததோ பயன்படுத்தாததோ ஒரு காரணம்.

கருவி இருந்துவிட்டால் போதுமா? 2020ல் இங்கிலாந்தில் குடல்வால் அறுவைக்கு வந்த பெண் ஒருவரின் மரணம் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. கருவி இருந்தது. குழாய் உணவுக்குழாயில் இருந்தது. திரையில் மேடு எழவில்லை. சுற்றி நின்றவர்கள் படித்தவர்கள், அனுபவசாலிகள். அவர்கள் வேறு காரணத்தை நம்பினார்கள். இத்தனைக்கும் “கோடு இல்லையென்றால் இடம் தவறு” என்ற பிரசாரத்தை அந்த நாட்டின் மயக்க மருந்து நிபுணர்கள் 2018லேயே தொடங்கியிருந்தார்கள்.

இதயம் நின்றால் கரியமில வாயு நுரையீரலுக்கு வராது, அதனால் கோடு இல்லை என்பது காதுக்கு நியாயமாகப் படும் வாதம். அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. நின்ற இதயத்தை மார்பில் அழுத்திக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் ரத்தம் ஓடத்தான் செய்யும். மேடு குட்டையாக இருக்கும், ஆனால் இருக்கும். அடியோடு தட்டைக் கோடு என்றால், வேறு விதமாக நிரூபணமாகும் வரை குழாய் தவறான இடத்தில் இருக்கிறது. மெஷின் கெட்டிருக்கலாம், மூச்சுக்குழாய் இறுகியிருக்கலாம் என்று மனம் பத்துக் காரணம் சொல்லும். அவற்றை நோயாளிக்கு ஆக்ஸிஜன் கொடுத்தபடி பிறகு ஆராயலாம்.

இத்தகைய மரணங்களுக்குப் பிறகு பல நாட்டு நிபுணர்கள் கூடி 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதல், முடிவை மனிதரின் ஊகத்திலிருந்து எடுத்துக் கணக்கில் வைத்தது. மேடு மூச்சோடு எழுந்து விழ வேண்டும். அடிக்கோட்டிலிருந்து 7.5 மில்லிமீட்டருக்கு மேல் உயர வேண்டும். குறைந்தது ஏழு மூச்சுகளுக்குத் தேயாமல் தொடர வேண்டும். குழாய் போட்டவரும் உதவியாளரும் தாங்கள் பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் குழாயை எடுப்பதே முதல் வழி.

ஏன் ஏழு? சற்று முன் சோடா குடித்தவரின் வயிற்றிலும் கரியமில வாயு இருக்கும். முகமூடி வழியாகக் காற்றடித்தபோது நோயாளியின் வெளிமூச்சும் கொஞ்சம் வயிற்றுக்குள் போயிருக்கலாம். அதனால் முதல் சில மூச்சுகளுக்குப் பொய் மேடுகள் எழும். ஆனால் வயிற்றின் கையிருப்பு சீக்கிரம் தீரும். மேடு படிப்படியாகத் தேயும். ஏழு எண்ணுவதற்குள் பொய் வெளிப்பட்டுவிடும்.

வாய்விட்டுச் சொல்வது ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1991ல் கால்மாட்டில் நின்றவர் வாய் திறந்தார். அவர் தயங்கியிருந்தால்? நம் ஆஸ்பத்திரிகளில் சிஸ்டர் கண்டதைச் சொல்லத் தயங்குவதும், ஜூனியர் சீனியரைத் திருத்தப் பயப்படுவதும் புதிதல்ல. தொண்டைக்குள் தெரிவதை எல்லோரும் பார்க்கும்படி திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பை அதே வழிகாட்டுதல் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது நாலு பேர் கண்ணுக்குத் தெரிகிறது.

கேப்னோகிராஃப் எல்லாம் அறிந்ததும் அல்ல. குழாய் காற்று வழியில் இருக்கிறதா என்பதைச் சொல்லும். எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லாது. ஆழம் அதிகமானால் குழாய் வலது நுரையீரலுக்குள் மட்டும் நழுவும். வலது கிளை நேராக இறங்குவதால் அந்தப் பக்கம்தான் சுலபம். அப்போதும் திரையில் மேடு அழகாகவே எழும். அதற்குத்தான் பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 சென்டிமீட்டர் அளவில் பல் வரிசையில் குழாயை நிறுத்துவதும், இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப் வைப்பதும், எக்ஸ்-ரே எடுப்பதும். இன்னொன்று: சரியாகப் போட்ட குழாய், நோயாளியைப் புரட்டும்போதும் ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போதும் நழுவலாம். ஆகவே கருவி முதல் ஏழு மூச்சோடு ஓய்வெடுக்கக் கூடாது. குழாய் இருக்கும் வரை அதுவும் இருக்க வேண்டும்.

இனி நம் நாடு. அகில இந்திய கடின மூச்சுவழிச் சங்கம் 2016ல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. குழாயைக் கேப்னோகிராஃபால் உறுதிசெய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. விதிக்குக் குறைவில்லை. 2020ல் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்களுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியபோது நாடே அதைப் பேசியது. அந்தக் குழாய்களின் முனையில் என்ன வருகிறது என்று பார்க்கும் சிறிய கருவியைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. வென்டிலேட்டரின் விலையில் அது சிறு பகுதிதான். ஆப்பிரிக்காவில் மலாவி நம்மைவிடப் பல மடங்கு ஏழை நாடு. அநேகமாகக் கருவியே இல்லாதிருந்த அந்நாட்டு மருத்துவமனைகளுக்கு 40 கேப்னோகிராஃப்கள் கொடுத்துப் பயிற்சியும் அளித்தார்கள். சில மாதங்களிலேயே டஜன் கணக்கில் வழி தவறிய குழாய்கள் உடனுக்குடன் பிடிபட்டன.

அதுவும் கிடைக்காத இடத்தில்? ஊதா நிறத்திலிருந்து மஞ்சளுக்கு மாறும் காகிதம் பொருத்திய சிறு டப்பா இருக்கிறது. அமிலம் பட்டாலும் நிறம் மாறும் என்பதை நினைவில் வைத்துப் பயன்படுத்த வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் 1988ல் பிரிட்டனில் விவரிக்கப்பட்ட ஓர் எளிய உபாயம்: குழாயின் முனையில் பெரிய சிரிஞ்சைப் பொருத்தி இழுப்பது. குருத்தெலும்பு வளையங்கள் தாங்கும் மூச்சுக்குழாய் சுருங்காது. காற்று தாராளமாக வரும். உணவுக்குழாய் தசைப்பை, உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளும், சிரிஞ்சு இறுகும். கேப்னோகிராஃபுக்கு இது சமமில்லை. வெறும் காதை மட்டும் நம்புவதைவிட மேல்.

வாசகர்கள் என்ன செய்யலாம்? உயிர் ஊசலாடும் நேரத்தில் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்யச் சொல்லவில்லை. அது அவர் கையை நடுங்கவைக்கும். அமைதியான நாளில் கேளுங்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் ஆலோசனைக் குழுவில் இருந்தால், நன்கொடை கொடுப்பவராக இருந்தால், தொழிற்சங்கமோ கம்பெனியோ ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் போடுகிறது என்றால், ஒரு வரி கேளுங்கள்: “உங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை படுக்கைக்குக் கேப்னோகிராஃப் இருக்கிறது? இரவிலும் வேலை செய்கிறதா?” நல்ல ஆஸ்பத்திரி பெருமையாகப் பதில் சொல்லும். முழிக்கிற ஆஸ்பத்திரி அடுத்த மாதம் ஒன்று வாங்கும். இரண்டுமே லாபம்.

கட்டுவிரியன் கடித்த பையன் பத்தாம் நாள் வீட்டுக்குப் போனான். போகுமுன் ஹிந்தியில் என்னிடம் சொன்னான்: “நீங்களும் சிஸ்டரும் வாக்குவாதம் செய்தது எனக்குக் கேட்டது. பாஷை புரியவில்லை. கண்ணைத் திறக்கவும் முடியவில்லை. யாராவது சீக்கிரம் ஜெயிக்க மாட்டார்களா என்றிருந்தது.”

இன்று அந்த வாக்குவாதத்துக்கே அவசியமில்லை. திரையைப் பார்த்து ஏழு எண்ணினால் போதும்.